தோன்றுவதும் தெரிவதும்: ‘அப்பேரன்ட்லி’ என்னும் சொல்லைப் பிழையின்றி ஆள்வது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நான் நாகபுரியில் ஒரு வங்கிக் கிளையில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். தாம் எடுக்காமலேயே தம் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் ஏ.டி.எம். வழியாக எடுக்கப்பட்டிருப்பதாக ஒரு புகார்க் கடிதம் கொண்டுவந்திருந்தார். இந்தியிலோ மராத்தியிலோ எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. தமிழில் எழுதினால் அங்கே படிப்பதற்கு ஆள் இல்லை. ஆகவே இரவெல்லாம் அகராதியுடன் அமர்ந்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அக்கடிதத்தின் உயிர்நாடி பின்வரும் மூன்று வாக்கியங்களே:

‘அப்பேரன்ட்லி, ஐ டிட் நாட் வித்ட்ரா திஸ் அமவுன்ட். அப்பேரன்ட்லி, தி கார்டு வாஸ் வித் மீ. தி வாட்ச்மேன் ஆஃப் அவர் பில்டிங் ஹேஸ் டன் திஸ்.’

இவற்றைப் படித்த நான் சற்றுத் திகைத்தேன். தமிழில் பெயர்த்தால் அவர் எழுதியிருந்தது இதுதான்: “இந்தத் தொகையை நான் எடுக்கவில்லையாம். அட்டை என்னிடந்தான் இருந்ததாம். எங்கள் கட்டடத்துக் காவலாளிதான் இதைச் செய்தார்.”

“ஐயா, காவலாளி பணம் எடுத்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“பார்க்கவில்லை தம்பி. போன மாதம் நான் பணம் எடுக்கப் போனபோது கூடவே வந்து நின்றான். அவனை விட்டால் வேறு யாராக இருக்க முடியும்?” என்றார்.

“சரி, அட்டை உங்களிடம் இருந்ததில் உங்களுக்கு ஐயம் ஏதேனும் உண்டா?”

“அதில் என்ன ஐயம்? பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அதனால்தானே ‘அப்பேரன்ட்லி’ என்று இரண்டு இடத்தில் அழுத்தமாகப் போட்டிருக்கிறேன்! அகராதியில் ‘வெளிப்படையாக’ என்றுதானே பொருள் கொடுத்திருக்கிறார்கள்?”

அவர் கண்ணாரக் கண்டு அறிந்த இரு செய்திகளும் கேள்விப்பட்டவையாக மாறியிருந்தன. அவர் ஊகித்த ஒரு செய்தியோ கண்ணால் கண்டதாக மாறி, ஒரு மனிதரின் மீது பழியாக நின்றது. ஒரு வினையடை இருக்கவேண்டாத இடத்தில் இருந்ததும், இருக்கவேண்டிய இடத்தில் இல்லாததுமே இதற்குக் காரணம். இவ்வினையடையையும் இதன் இனச் சொற்களையும் இவ்விதழில் முறையாகக் கற்போம்.

அகராதி ஏன் தடுமாற வைக்கிறது?

‘அப்பேரன்ட்’ என்னும் பெயரடையோடு ‘லி’ என்னும் ஈறு சேர்ந்து பிறந்தது ‘அப்பேரன்ட்லி’. ‘கண்ணுக்குப் புலப்படுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லே இதன் மூலம். ‘தோன்றுதல்’ என்று பொருள்படும் ‘அப்பியர்’ என்ற ஆங்கில வினையும் அவ்வேரிலிருந்து வந்ததே.

கண்ணுக்குப் புலப்படுவது இரு வகைப்படும். நன்றாகப் புலப்படுவதால் ஐயமின்றித் தெளிவாக இருப்பது ஒன்று. புலப்படுவது மட்டுமே நமக்குத் தெரியும், உள்ளே இருப்பது வேறாகவும் இருக்கலாம் என்பது மற்றொன்று. நம் தமிழிலும் ‘தோற்றம்’ என்ற சொல்லில் இவ்விரு சாயல்களும் உண்டு. ‘கதிரவனின் தோற்றம்’ என்னும்போது ஐயத்துக்கு இடமில்லை. ‘இது வெறும் தோற்றமே’ என்னும்போது ஐயம் வந்துவிடுகிறது.

‘அப்பேரன்ட்’ என்ற பெயரடையில் இவ்விரு பொருளும் இன்றும் வழங்குகின்றன. எனவே அகராதிகள் ‘தெளிவான’, ‘வெளிப்படையான’ என்றும், ‘மேலுக்குத் தோன்றுகிற’ என்றும் இரண்டையும் தருகின்றன. ஆயினும் ‘அப்பேரன்ட்லி’ என்ற வினையடை இக்கால ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டாம் பொருளிலேயே வருகிறது. ‘நான் அறிந்த அளவில் அப்படித் தோன்றுகிறது, உறுதி கூற இயலாது’ என்பதே அதன் குறிப்பு. ‘தெளிவாகவே’ என்று அழுத்திச் சொல்ல விரும்புவோர் இச்சொல்லை நாடினால், கருதியதற்கு நேர்மாறான பொருளே படிப்பவரைச் சென்றடையும்.

‘வெளிப்படையாக’ என்ற தமிழ்ச் சொல்லும் இங்கே ஓர் இடர் விளைவிக்கிறது. ‘அவர் தம் குறையை வெளிப்படையாகக் கூறினார்’ என்னும்போது அது ‘ஒளிவுமறைவின்றி’ என்று பொருள்படும். அப்பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘ஓப்பன்லி’ அல்லது ‘ஃப்ராங்க்லி’ என்பவை உள்ளன. ‘அப்பேரன்ட்லி’ அங்கே சிறிதும் பொருந்தாது.

தமிழில் இதற்கு நிகர் எது?

இச்சொல்லின் நிகரைத் தனிச்சொல்லாகத் தேடுவதால்தான் நாம் இடறுகிறோம். அது நம் வினைமுற்றின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்வரும் மூன்று வாக்கியங்களை நோக்குக:

மேலாளர் விடுப்பில் இருக்கிறார்.
மேலாளர் விடுப்பில் இருக்கிறாராம்.
மேலாளர் விடுப்பில் இருக்கிறார் போலும்.

முதல் வாக்கியத்தைச் சொல்பவர் அச்செய்திக்குத் தாமே பொறுப்பேற்கிறார். இரண்டாம் வாக்கியத்தைச் சொல்பவருக்கு அதை வேறொருவர் கூறியிருக்கிறார். மூன்றாம் வாக்கியத்தைச் சொல்பவர் பூட்டிய அறையையோ காலி நாற்காலியையோ கண்டு தாமே ஊகிக்கிறார். ‘ஆம்’ கேள்வியைக் குறிக்கிறது. ‘போலும்’ ஊகத்தைக் குறிக்கிறது.

ஆங்கிலத்தில் பின்னிரண்டுக்கும் ஒரே சொல் போதும்: ‘அப்பேரன்ட்லி, தி மேனேஜர் இஸ் ஆன் லீவ்.’ முதல் வாக்கியத்துக்கோ அச்சொல் வேண்டுவதில்லை: ‘தி மேனேஜர் இஸ் ஆன் லீவ்.’

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. நீங்கள் எழுதக் கருதும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஈற்றில் ‘ஆம்’ என்றோ ‘போலும்’ என்றோ இயல்பாக ஒட்டினால் ‘அப்பேரன்ட்லி’ பொருந்தும். ஒட்டவில்லையானால் அது வேண்டாம். ‘நான் பணம் எடுக்கவில்லை போலும்’ என்று தன் நினைவோடு இருக்கும் எவரும் சொல்லமாட்டார். ஆகவே ஆங்கிலத்திலும் அவ்வாறு எழுதலாகாது.

தன்மை வாக்கியத்தில் இச்சொல் வரவே வராதா என்று கேட்கலாம். வரும், ஆனால் நம்மைப் பற்றி நாமே அறியாத ஒன்றைப் பிறர் சொல்லி அறியும்போதுதான் வரும். ‘நேற்று இரவு நான் தூக்கத்தில் பேசினேனாம்’ என்பதை ‘அப்பேரன்ட்லி, ஐ டாக்டு இன் மை ஸ்லீப் லாஸ்ட் நைட்’ எனலாம். தமிழில் ‘ஆம்’ எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கேதான் ஆங்கிலச் சொல்லும் நிற்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் ‘ஆம்’ சில வேளைகளில் குத்தலாகவும் ஒலிக்கும். ‘அவருக்குப் பதில் எழுத நேரமில்லையாம்!’ என்னும்போது நாம் அதை நம்பவில்லை என்பது குரலிலேயே தெரியும். ‘அப்பேரன்ட்லி’க்கும் இக்குணம் உண்டு. ‘அப்பேரன்ட்லி, யூ ஆர் டூ பிஸி டு ரிப்ளை’ என்று ஓர் அலுவலருக்கு எழுதினால், அவர் அதை ஏளனமாகவே கொள்வார். முன்னிலையில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைத் தவிர்ப்பது நலம்.

வாக்கியத்தில் இடமும் எழுத்தும்

இவ்வினையடை ஒரு வினையை மட்டும் தழுவுவதன்று. முழு வாக்கியத்தையும் தழுவுவது. எனவே அதன் இடம் நெகிழ்வானது.

1. வாக்கியத்தின் தொடக்கத்தில், அடுத்துக் காற்புள்ளியுடன்: ‘அப்பேரன்ட்லி, தி சர்வர் இஸ் டவுன்.’ சர்வர் இயங்கவில்லையாம்.

2. முதன்மை வினைக்கு முன்னால்: ‘ஷி அப்பேரன்ட்லி லெஃப்ட் அட் நூன்.’ அவர் நண்பகலில் புறப்பட்டுவிட்டாராம்.

3. ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’ போன்ற துணைவினைகளுக்குப் பின்னால்: ‘தி லோன் ஹேஸ் அப்பேரன்ட்லி பீன் ஸாங்ஷன்டு.’ கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாம்.

4. ஈற்றில், முன்னே காற்புள்ளியுடன்: ‘ஹி இஸ் ரிட்டையரிங் திஸ் மந்த், அப்பேரன்ட்லி.’ இது பேச்சுக்கு உரியது, கடிதத்தில் வேண்டாம்.

ஏவல் வாக்கியத்தில் இச்சொல் வாராது. செய்யச் சொல்வதில் கேள்விப்பட்டதற்கும் ஊகத்துக்கும் இடமேது?

எழுத்துக்கூட்டலில் பலர் தவறுகின்றனர். ‘ஏ’, ‘பி’ என்னும் இரண்டு எழுத்துகளை எழுதி, அவற்றோடு பெற்றோரைக் குறிக்கும் ‘பேரன்ட்’ என்ற சொல்லை அப்படியே சேர்த்துவிட்டால் ‘அப்பேரன்ட்’ பிழையின்றி அமைந்துவிடும். இரண்டு ‘பி’, ஒரே ‘ஆர்’. ஒலிக்கும்போது இரண்டாம் அசையை அழுத்த வேண்டும்.

பெயரடையாக வரும்போது

‘அப்பேரன்ட்’ என்னும் பெயரடைக்கு இரு பொருளும் உண்டு என்றோம். எந்த இடத்தில் எப்பொருள் என்பதை அது நிற்கும் இடமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

பெயர்ச்சொல்லுக்கு முன் நின்றால் பொதுவாக ‘மேலுக்குத் தோன்றுகிற’ என்று பொருள். ‘தி அப்பேரன்ட் காஸ் ஆஃப் தி ஃபயர்’ என்பது தீ விபத்துக்குக் காரணமாகத் தோன்றுவதைச் சுட்டுகிறது. உண்மைக் காரணம் ஆய்வுக்குப் பின் வேறாகவும் இருக்கலாம்.

வினைக்குப் பின் நின்றால் பொதுவாகத் ‘தெளிவான’ என்று பொருள். ‘தி மிஸ்டேக் வாஸ் அப்பேரன்ட் டு எவ்ரிஒன்’ என்றால், பிழை அனைவர்க்கும் தெளிவாகத் தெரிந்தது என்பதாகும். ‘இட் இஸ் அப்பேரன்ட் தட்’ என்று தொடங்கும் வாக்கியமும் இவ்வகையே. நாகபுரிப் பெரியவர் சொல்ல நினைத்த தெளிவு இவ்வமைப்பில்தான் உள்ளது, வினையடையில் இல்லை.

இனச் சொற்கள் மூன்று

தோற்றத்தைக் குறிக்கும் வினையடைகள் வேறு மூன்றும் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் பொருள் நழுவும்.

ஸீமிங்லி: ‘பார்த்தால் அப்படித் தோன்றுகிறது, ஆனால் அப்படி இல்லாமலும் இருக்கலாம்’ என்பது இதன் பொருள். இது பெரும்பாலும் ஒரு பெயரடைக்கு முன் வரும். ‘எ ஸீமிங்லி சிம்பிள் ஃபார்ம்’ என்றால் பார்வைக்கு எளிதாகத் தோன்றும் படிவம். நிரப்பத் தொடங்கினால்தான் அதன் கடினம் தெரியும். கேள்விப்பட்டதைச் சொல்வதற்கு இச்சொல் ஏற்றதன்று.

அவுட்வர்ட்லி: இது ஆளின் புறத்தோற்றத்துக்கும் நடத்தைக்கும் உரியது, அகம் வேறாக இருப்பதைப் பெரும்பாலும் உணர்த்தும். ‘அவுட்வர்ட்லி, ஷி வாஸ் காம்’ என்றால் வெளியே அமைதியாக இருந்தார், உள்ளே அவ்வாறில்லை என்பது குறிப்பு.

ஆஸ்டென்ஸிப்ளி: இம்மூன்றில் வாடிக்கையாளர்கள் மிகுதியும் கருத்தூன்ற வேண்டிய சொல் இதுவே. ‘காட்டுதல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து இது வந்தது. ‘அப்பேரன்ட்’ என்பது தானே தோன்றுவது. ‘ஆஸ்டென்ஸிபிள்’ என்பது ஒருவர் அவ்வாறு காட்டுவது. தமிழில் ‘என்ற பெயரில்’, ‘என்ற சாக்கில்’ என்பவை இதற்கு நிகர். சொல்லப்படும் நோக்கம் ஒன்றாகவும் உள்நோக்கம் வேறாகவும் இருக்கலாம் என்ற ஐயம் இச்சொல்லில் உறைந்திருக்கிறது. எடுத்துக்காட்டு:

‘எ மேன் கால்டு மீ, ஆஸ்டென்ஸிப்ளி டு அப்டேட் மை கே.ஒய்.சி.’ கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிப்பது என்ற பெயரில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

இங்கே ‘அப்பேரன்ட்லி’ என்று எழுதினால், ‘புதுப்பிக்கத்தான் அழைத்தார் போலும்’ என்று அழைத்தவருக்குச் சார்பாகவே பொருள்படக்கூடும். ‘ஆஸ்டென்ஸிப்ளி’ என்ற ஒரு சொல்லோ அது வெறும் சாக்கு என்ற உங்கள் ஐயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மாறாக, நன்னோக்கத்தோடு வந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை இட்டால், அவரை ஐயுறுவதாக ஆகிவிடும்.

உறுதியைச் சொல்ல எவை?

ஐயமின்மையைச் சொல்ல ‘கிளியர்லி’, ‘ஆப்வியஸ்லி’, ‘எவிடென்ட்லி’ ஆகியவை உள்ளன. ‘கிளியர்லி’ என்பது தெளிவாகவே என்று பொருள்படும். ‘ஆப்வியஸ்லி’ என்பது எவருக்கும் எளிதில் விளங்கும் என்று பொருள்படும். ஆயின் ‘இதுகூடத் தெரியாதா?’ என்னும் தொனி அதில் ஏறிவிடக்கூடும் என்பதால் கடிதத்தில் அளவோடு ஆள வேண்டும். ‘எவிடென்ட்லி’ என்பது சான்றைக் கண்டு துணிவதைக் குறிக்கும். ‘போலும்’ என்பதைவிட உறுதி மிக்கது, நேரில் கண்டதைவிட உறுதி குறைந்தது.

எனினும் ஒன்றை உறுதியாகச் சொல்வதற்கு மிகச் சிறந்த வழி எந்த வினையடையும் இல்லாமல் சொல்வதே. ‘ஐ டிட் நாட் வித்ட்ரா திஸ் அமவுன்ட்’ என்னும் வாக்கியம் தன்னளவிலேயே வலியது. அதன்மேல் எதை ஏற்றினாலும் அதன் வலிமை குறையுமேயன்றிக் கூடாது.

சட்டத்தின் ஏட்டில் தோற்றம்

தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைச் சட்டம் மிகக் கவனமாகக் கையாள்கிறது. ஆதலால் இச்சொற்கள் நம் நாட்டின் பழைய சட்டங்களிலேயே இடம்பெற்றுள்ளன.

காசோலை முதலியவற்றை ஆளும் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 10ஆம் பிரிவு ‘அப்பேரன்ட் டெனர்’ என்ற தொடரை ஆள்கிறது. காசோலையின் முகப்பைப் பார்த்த அளவில் அது என்ன சொல்கிறதோ அதுவே ‘அப்பேரன்ட் டெனர்’. அதன்படி நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவின்றியும், ஐயுறத் தக்க சூழ்நிலை இல்லாதபோது பணம் வழங்குவதையே அப்பிரிவு முறையான வழங்கல் என்கிறது. அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு, திருத்தப்பட்டது என்று தோற்றத்தில் தெரியாத காசோலைக்கு அவ்வாறே முறையாகப் பணம் வழங்கிய வங்கியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. தொகையை எழுதும்போது எண்ணுக்கும் எழுத்துக்கும் முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள் என்று வங்கிகள் வலியுறுத்துவதன் காரணம் இப்போது விளங்கும். முகப்பில் தோன்றுவதைத்தான் வங்கி படிக்கிறது. உங்கள் உள்ளத்தில் இருந்த தொகையை அது படிக்க இயலாது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் ‘ஆஸ்டென்ஸிபிள் ஓனர்’ வருகிறார். உரியவர்களின் இசைவோடு, உரிமையாளராகக் காட்சியளிப்பவர் இவர். இவரிடமிருந்து விலை கொடுத்து நிலமோ வீடோ வாங்கியவருக்கு அப்பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் விற்பவருக்கு உரிமை உண்டா என்று தக்க அளவில் விசாரித்து, நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் மட்டுமே அப்பாதுகாப்பு கிட்டும்.

இவ்விரண்டிலும் தோற்றம் என்பது உண்மைக்கு முந்திய நிலை. இதற்கு மாறாக, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில், தீர்ப்பை மறுஆய்வு செய்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாகப் பதிவேட்டின் முகப்பிலேயே ‘அப்பேரன்ட்’ ஆக உள்ள பிழை கூறப்படுகிறது. அங்கே அச்சொல் பெயருக்குப் பின்னால் நிற்கிறது; ஆகவே ‘பார்த்தவுடன் தெளிவாகத் தெரிகிற’ என்று பொருள். நிற்கும் இடம் பொருளைக் காட்டும் என்று முன்னர்க் கண்ட விதி இங்கும் செல்லுபடியாகிறது.

அடிக்கடி நேரும் பிழைகள்

1. ‘அப்பேரன்ட்லி, இட் ஸீம்ஸ் தட் தி பேமென்ட் ஃபெயில்டு.’ ‘தோன்றுகிறது போலும்’ என்பது போல ஒரே கருத்து இருமுறை வந்துவிட்டது. இரண்டில் ஒன்றே போதும்.

2. ‘தி நோட் லுக்ஸ் ஜென்யூன்லி.’ ‘லுக்’, ‘ஸீம்’, ‘அப்பியர்’ ஆகிய வினைகள் ‘இவ்வாறு தோன்றுகிறது’ என்னும் பொருளில் வரும்போது, அவற்றைத் தொடர்வது பெயரடையே. ‘லி’ ஈற்று வினையடை அன்று. ‘தி நோட் லுக்ஸ் ஜென்யூன்’ என்பதே சரி. ‘உற்றுநோக்கு’ என்னும் பொருளில் வந்தால் மட்டும் ‘லுக் கேர்ஃபுலி’ என வினையடை வரும்.

3. ‘ஐ அப்பேரன்ட்லி என்க்ளோஸ் மை பாஸ்புக்.’ உறையில் நாமே வைத்து அனுப்பும் ஒன்றைப் பற்றி நமக்கே ஐயமா? இங்கே வினையடையை நீக்கிவிட வேண்டும்.

4. ‘அப்பேரன்ட்லி, மை அக்கவுன்ட் வாஸ் டெபிட்டட் ட்வைஸ்.’ இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அறிக்கையில் அச்செய்தி அச்சாகியிருக்கும்போது அதைப் போலும் என்று சொல்வானேன்? சான்றையே முன்னிறுத்துங்கள்: ‘அக்கார்டிங் டு தி ஸ்டேட்மென்ட், மை அக்கவுன்ட் வாஸ் டெபிட்டட் ட்வைஸ்.’ அலுவல் கடிதங்களில் ‘எப்படித் தெரிந்தது’ என்பதை ‘அப்பேரன்ட்லி’ பூசி மறைக்கிறது; ‘அக்கார்டிங் டு’ திறந்து காட்டுகிறது.

பயிற்சி

அப்பேரன்ட்லி, ஸீமிங்லி, அவுட்வர்ட்லி, ஆஸ்டென்ஸிப்ளி, கிளியர்லி ஆகியவற்றுள் பொருத்தமானதைக் கோடிட்ட இடத்தில் இடுக. எதுவும் வேண்டாத வாக்கியம் ஒன்றும் உள்ளது.

1. ‘______, தி பிராஞ்ச் ஹேஸ் மூவ்டு டு எ நியூ பில்டிங்.’ பக்கத்து வீட்டார் கூறினார். நீங்கள் இன்னும் சென்று பார்க்கவில்லை.

2. ‘எ ஸ்ட்ரேஞ்சர் டுக் மை மதர்ஸ் கார்டு, ______ டு ஹெல்ப் ஹெர்.’ உதவுவதாகச் சொன்னவர் அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

3. ‘தி ______ எண்ட்லஸ் க்யூ வாஸ் ஓவர் இன் டென் மினிட்ஸ்.’ முடிவில்லாதது போல் தோன்றிய வரிசை விரைவில் முடிந்தது.

4. ‘ஐ ______ டிபாசிட்டட் தி செக் ஆன் மண்டே.’ நீங்களே செலுத்தினீர்கள். ஒப்புகைச் சீட்டும் கையில் உள்ளது.

5. ‘ஹி வாஸ் ______ சியர்ஃபுல், பட் வொரீட் அட் ஹார்ட்.’ முகத்தில் மகிழ்ச்சி, உள்ளத்தில் கவலை.

6. ‘தி சிக்னேச்சர் ஆன் திஸ் செக் இஸ் ______ டிஃபரன்ட் ஃப்ரம் மைன்.’ எவர் பார்த்தாலும் வேறுபாடு தெரியும்.

விடைகள்: 1. அப்பேரன்ட்லி. 2. ஆஸ்டென்ஸிப்ளி. 3. ஸீமிங்லி. 4. எதுவும் வேண்டாம். 5. அவுட்வர்ட்லி. 6. கிளியர்லி.

அந்தக் கடிதம் என்னவாயிற்று?

நாகபுரிப் பெரியவரிடம் ‘ஆம்’, ‘போலும்’ சோதனையைச் சொன்னேன். கடிதத்தை வாங்கித் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார், சிரித்துவிட்டார். பிறகு அங்கேயே அமர்ந்து புதிதாக எழுதினார்:

‘ஐ டிட் நாட் வித்ட்ரா திஸ் அமவுன்ட். தி கார்டு வாஸ் வித் மீ. அப்பேரன்ட்லி, சம்ஒன் ஹேஸ் யூஸ்டு எ காப்பி ஆஃப் மை கார்டு.’

அதாவது: “இத்தொகையை நான் எடுக்கவில்லை. அட்டை என்னிடம் இருந்தது. என் அட்டையின் நகலை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் போலும்.” முதல் இரண்டு வாக்கியங்களில் இருந்த சொல் மூன்றாவதற்கு இடம்மாறியது. காவலாளி கடிதத்தைவிட்டே வெளியேறினார்.

இவ்விடமாற்றம் சிறிதன்று. ஒப்புதலின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, பொறுப்பு வாடிக்கையாளருடையதே என்பதை மெய்ப்பிக்கும் சுமையை வங்கியின்மீது வைத்தது. வாடிக்கையாளர் காலம் தாழ்த்தாமல் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. சட்டமும் விதியும் உங்கள் பக்கம் நிற்கும்போது, ‘நான் எடுக்கவில்லையாம்’ என்று நீங்களே உங்கள் சொல்லைத் தளர்த்திக்கொள்ளலாகாது. அதேபோல், நீங்கள் காணாத ஒன்றைக் கண்டதாக எழுதி, எதிர்வாதம் செய்ய அங்கே இல்லாத ஒருவரைக் குற்றவாளியாக்கவும் கூடாது.

ஆங்கிலத்தில் எந்தக் கடிதத்தை எழுதி முடித்தாலும், ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கண்டது என்றால் வினையடை வேண்டாம். கேட்டது அல்லது ஊகித்தது என்றால் ‘அப்பேரன்ட்லி’. ஒருவர் சாக்காகக் காட்டியது என்றால் ‘ஆஸ்டென்ஸிப்ளி’. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பத்து நாள்களுக்குப் பின் அப்பெரியவர் மீண்டும் வந்தார். பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. பணம் எடுக்கப்பட்ட அந்த வாரம் முழுவதும் காவலாளி விடுப்பில் தம் கிராமத்தில் இருந்தாராம்; குடியிருப்பின் வருகைப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். “நல்ல வேளை தம்பி, அந்தக் காகிதம் உங்கள் மேசையோடு நின்றது” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஆகையால்தான் இங்கே இரண்டு ‘ஆம்’ போட்டிருக்கிறேன்.